செவ்வாய் மாலை ஆறு மணி: வெளிநாட்டு ஆய்வு வாழ்க்கையில் ஆட்களைச் சேர்ப்பது

வெளிநாட்டுக்கு ஆய்வு செய்யக் கிளம்புகிறவர் கையில் ஒரு நீளமான பட்டியல் இருக்கும். விசா, தங்குமிடம், வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாம் அதில் இருக்கும், மனிதர்கள் இருக்கமாட்டார்கள். போனால் தானாக அமைந்துவிடும் என்ற நினைப்புதான் காரணம். பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு அது ஓரளவு அமையவும் செய்கிறது. ஒரே வகுப்பு, ஒரே தேர்வு, ஒரே பயம் என்று நாற்பது பேர் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். ஆய்வுக்குப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

அவர் சேரும் குழுவில் ஏற்கெனவே ஆறேழு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு ஆண்டில் வந்தவர்கள், வெவ்வேறு தலைப்பில் தலையை விட்டவர்கள். சேரும் தேதியையும் நிதி எப்போது கைக்கு வருகிறது என்பதுதான் முடிவுசெய்யும். புதியவர்களுக்கான அறிமுக வாரம் முடிந்து மூன்று மாதம் கழித்துப் போய் இறங்குகிறவர்கள் ஏராளம். உள்ளூர்ச் சகாக்களுக்குப் பள்ளிக்கால நண்பர்கள், குடும்பம், வார இறுதி வேலைகள் எல்லாம் அங்கேயே உண்டு. மாலையானால் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் உங்களை ஒதுக்கவில்லை. புதிதாக ஒரு நண்பருக்கு அவர்கள் வாரத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான். முதல் மாதமே இது பிடிபட்டால் பாதி மனக்கசப்பைத் தவிர்க்கலாம்.

நட்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் ஊர் மாறியவர்களையும் கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களையும் வைத்துச் செய்த ஆய்வை 2018இல் வெளியிட்டார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரம், 'நண்பர்' என்று சொல்லும் நிலைக்கு 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். ஒரே இடத்தில் வேலை பார்த்த நேரம் இந்தக் கணக்கில் பெரிதாகச் சேரவில்லை என்பதையும் அவர் கண்டார். அரட்டை, விளையாட்டு, சும்மா சேர்ந்து இருப்பது இவைதான் சேர்ந்தன. லேபில் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஓராண்டு உட்கார்ந்தும் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது ஏன் என்பதற்கு இது நல்ல விளக்கம்.

இந்த எண்களை உங்கள் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆட்களோடு வாரம் 2 மணி நேரம் என்றால் 50ஐத் தொட 25 வாரம். ஆறு மாத ஃபெல்லோஷிப் என்பது 26 வாரம். பெட்டி கட்டும் வாரத்தில் முதல் நண்பர் கிடைப்பார். அதே ஆட்களோடு வாரம் 4 மணி நேரம் என்றால் பதின்மூன்று வாரத்தில், அதாவது மூன்று மாதத்தில் வேலை முடியும். அதே நான்கு மணி நேரத்தை நான்கு வெவ்வேறு குழுக்களுக்குப் பங்கு வைத்தால் ஓராண்டு ஆகிவிடும். 'நிறைய இடத்துக்குப் போகிறேன், யாருமே ஒட்டவில்லை' என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஒரே ஆட்கள், ஒரே இடம், செவ்வாய் மாலை ஆறு மணி என்பதுபோல ஒரே கிழமை வேண்டும். இனி வருவதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

வீடும் மேசையும்

கிளம்பும் முன் எடுக்கும் முடிவுகளில் தங்குமிடம்தான் பெரியது. சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். ஒரே தளத்தில் பக்கத்து வீட்டுக்காரரை நண்பராகச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. தாழ்வாரத்தின் மறு கோடியில் இருந்தவர்களில் அது 10 விழுக்காடாக இறங்கிவிட்டது. சில பத்து அடிகளில் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே முதல் மூன்று நான்கு மாதத்துக்காவது தனி அறைக் குடியிருப்பை எடுக்காதீர்கள். தனி படுக்கையறை, பொதுச் சமையலறை உள்ள இடமாகப் பாருங்கள். அந்தச் சமையலறையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான்கிலிருந்து எட்டுப் பேர் வரை நல்லது. பன்னிரண்டைத் தாண்டினால் அது ரயில்நிலையம் மாதிரி ஆகிவிடும். யார் பாத்திரத்தை யார் கழுவவில்லை என்ற சண்டை மட்டும் மிஞ்சும். வாடகை குறைவு என்று ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் வீடு பிடிப்பதும் இதே வகைத் தவறுதான். மாலை ஏழு மணிக்கு யாராவது 'வருகிறாயா' என்று கேட்டால் கடைசிப் பேருந்தை நினைத்து மறுத்துக்கொண்டே இருப்பீர்கள். மூன்றாவது மறுப்புக்குப் பிறகு கேட்கமாட்டார்கள்.

சேரும் தேதியில் உங்களுக்குக் கொஞ்சம் பிடி இருந்தால் பருவம் தொடங்கும் வாரத்துக்குத் தள்ளுங்கள், அல்லது முன்னால் இழுங்கள். எல்லாரும் புதியவர்களாக இருக்கும் இரண்டு மூன்று வாரம் ஆண்டில் இரண்டு முறைதான் வரும். நிதி விதிகள் இடம் தராவிட்டால் அடுத்த பருவத் தொடக்கத்தில் அறிமுக நிகழ்ச்சிக்குத் தயங்காமல் போங்கள். 'நான் வந்து நான்கு மாதம் ஆகிறது' என்று சொன்னால் யாரும் வெளியே அனுப்புவதில்லை.

போவதற்கு மூன்று வாரம் முன்பு துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். அதில் நான்கு கேள்விகள் போதும். உட்காரும் இடம் எந்த அறையில்? அதே மாதத்தில் வேறு யாரும் புதிதாகச் சேர்கிறார்களா? பிஎச்டி மாணவர்களுக்கோ போஸ்ட்டாக்குகளுக்கோ (பிஎச்டி முடித்தபின் ஒப்பந்தத்தில் ஆய்வு செய்கிறவர்கள்) சங்கம் உண்டா, அதன் மெயில் பட்டியலில் எப்படிச் சேர்வது? துறையில் வாரந்தோறும் கூடும் செமினார் என்ன கிழமை? மாணவர் சேர்க்கையில் போகிறவர்களின் பெயர் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடும். போஸ்ட்டாக், வருகை ஆய்வாளர் போன்றவர்கள் மாணவரும் இல்லை, முழு ஊழியரும் இல்லை. இரண்டு பட்டியலிலும் விடுபட்டு, நடந்த நிகழ்ச்சி எதுவும் தெரியாமல் ஆறு மாதம் ஓட்டுகிறார்கள். கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

தனி அறை தருகிறேன் என்றால் பெருமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் பகிர்வு அறையில் மேசை கேளுங்கள். நூலகம், ஆவணக் காப்பகம் என்று தனியாக வேலை செய்யும் மானுடவியல், வரலாறு, இலக்கியத் துறையினருக்கு இது இன்னும் முக்கியம். காப்பகத்தின் வாசகர் அட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டு கழிப்பவர்களுக்கு ஊரில் ஒரு நிறுவன முகவரிகூட இருக்காது. பக்கத்துப் பல்கலைக்கழகத் துறை ஒன்றில் வருகையாளர் இணைப்பு வாங்கிவிட்டால் மேசை, மெயில் முகவரி, செமினார் மூன்றும் ஒரே விண்ணப்பத்தில் முடியும்.

பெயர் விஷயம் ஒன்று. பாஸ்போர்ட்டில் உள்ள வரிசைப்படி மெயில் முகவரியும் கதவுப் பலகையும் தயாராகிவிடும். அதில் வருவது உங்களைக் கூப்பிடும் பெயராக இல்லாவிட்டால் முதல் நாளே சொல்லி மாற்றுங்கள். உச்சரிப்பை மூன்று அசையாகப் பிரித்து ஒரு முறை சொல்லிக்காட்டினால் போதும். பெயர் வாயில் நுழையாதவரை வராந்தாவில் கூப்பிட்டுப் பேசப் பலர் கூச்சப்படுவார்கள். அது உங்கள் மேல் உள்ள விலகல் போலத் தெரியும். அதேபோல நீங்களும் சின்ன நோட்டில் பெயர், எங்கே பார்த்தோம், என்ன பேசினோம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறவர்கள் உண்டு. ஒரே வாரத்தில் முப்பது புதுப் பெயர் வரும்போது வேறு வழி இல்லை.

மதிய உணவு மேசை

லேபில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போகும் வழக்கம் இருந்தால் முதல் நாளிலிருந்தே போங்கள். 'இந்த மெயிலை முடித்துவிட்டு வருகிறேன்' என்று இரண்டு வாரம் சொன்னால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். முதல் பதினைந்து நாள் இந்த ஒரு வேளையை வேலைக்குக் கொடுக்காதீர்கள்.

மேசையில் உள்ளூர் மொழி ஓடும். நீங்கள் வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள், ஐந்தாவது நிமிடம் பழையபடி போய்விடும். இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு மேசையை விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நகைச்சுவையை வேறு மொழியில் சொல்வது யாருக்கும் கடினம், களைத்த மதியத்தில் இன்னும் கடினம். செய்யக்கூடியவை சில. மேசையின் கோடியில் உட்காராமல் நடுவில் உட்காருங்கள். உங்களோடு ஒருவர் மட்டும் ஆங்கிலத்தில் பேசினால் போதும், எட்டுப் பேரும் மாற வேண்டாம். 'இப்போது எதற்குச் சிரித்தீர்கள்?' என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம். நாளுக்கு ஒரு முறை கேட்டால் சொல்லித்தர ஆசைப்படுவார்கள், பத்து முறை கேட்டால் அலுப்பார்கள்.

இப்படிப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நாட்களும் வீண் போவதில்லை. மோர்லண்டும் பீச்சும் 1992இல் வெளியிட்ட ஒரு சோதனையில் நான்கு பெண்களில் மூவர் மாணவர்களைப் போல ஒரு கல்லூரி வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் 5, 10, 15 முறை வந்தார்கள், நான்காமவர் ஒரு முறைகூட வரவில்லை. யாரோடும் பேசக் கூடாது என்பது விதி. பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது அதிக முறை வந்தவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட ஆறுதலான முடிவு கிடைக்காது. தவறாமல் போய் உட்காருங்கள், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மொழி வகுப்பில் கிடைப்பது மொழி மட்டும் இல்லை

'ஒன்றரை ஆண்டுதானே, மொழி எதற்கு' என்று கேட்கிறவர்கள் மொழியை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். ஆங்கிலத்துக்குக் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு சொல்லும் கணக்குப்படி அன்றாட எளிய பேச்சுக்குப் போதுமான ஏ2 நிலைக்கு 180 முதல் 200 மணி நேரப் பயிற்சி, அதற்கு அடுத்த பி1 நிலைக்கு 350 முதல் 400. வாரம் இரு மாலை வகுப்பில் ஓராண்டில் ஏ2வின் பக்கத்தில் போய் நிற்கலாம், அவ்வளவுதான். அதை வைத்து மதிய உணவு மேசையில் விவாதம் செய்ய முடியாது.

ஆனால் அந்த வகுப்பில் பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லாரும் வெளியூர்க்காரர்கள், எல்லாரும் தப்புத் தப்பாகப் பேசுகிறவர்கள், வாரம் இரண்டு முறை அதே நாற்காலியில். ஆசிரியரே எழுப்பிவிட்டு 'வார இறுதியில் என்ன செய்தாய்' என்று பக்கத்தில் உள்ளவரிடம் கேட்க வைப்பார். நட்புக்கு வேண்டிய அத்தனையும் இங்கே வற்புறுத்தியே நடக்கிறது. கைபேசிச் செயலியில் சொற்களைக் கற்கலாம், இது கிடைக்காது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடக்கும் வகுப்பைவிட ஊரில் பொதுமக்களுக்கு நடக்கும் மாலை வகுப்பு ஒருபடி மேல். அங்கே வருகிற செவிலியர், மென்பொருள்காரர், கல்யாணம் ஆகி வந்தவர் எல்லாம் உங்கள் ஆய்வுக்கட்டுரை எங்கே நிற்கிறது என்று கேட்கமாட்டார்கள்.

இருவர் மாறி மாறி மொழி சொல்லிக்கொடுக்கும் டேன்டம் முறையும் நன்றாக வேலை செய்யும், சில நிபந்தனைகளோடு. அரை மணி நேரம் உங்கள் மொழி, அரை மணி நேரம் அவர் மொழி, கடிகாரம் வைத்துத்தான். வைக்காவிட்டால் யாருக்குச் சரளமோ அந்த மொழியே முழு நேரத்தையும் தின்னும், இன்னொருவர் நான்காவது வாரம் வராமல் போவார். பொது இடத்தில் சந்தியுங்கள். மொழிக்காக மட்டும்தான் வருகிறேன் என்பதை முதல் மெயிலிலேயே எழுதிவிட்டால் பின்னால் தர்மசங்கடம் இல்லை.

குழு இல்லாவிட்டால் நீங்களே ஆரம்பிப்பது

ஆய்வாளர்களுக்கு மிகவும் ஒத்துவருவது எழுதும் குழு. சேர்ந்து உட்கார்ந்து பேசாமல் அவரவர் வேலையை எழுதும் 'ஷட் அப் அண்ட் ரைட்' முறை சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 2007 வாக்கில் தொடங்கியது. அது இன்று பல பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. உங்கள் இடத்தில் இல்லையென்றால் தொடங்க இரண்டு வாரம் போதும்.

ஐந்து பேர் வேண்டுமென்றால் பத்துப் பேரை அழையுங்கள். ஒரே லேப் ஆட்களாக இருந்தால் அது லேப் மீட்டிங் ஆகிவிடும். மூன்று துறைகளிலிருந்தாவது வரட்டும். நிலையான கிழமை, நிலையான அறை, இரண்டு மணி நேரம். 'இந்த வாரம் யாருக்கு எப்போது வசதி?' என்று ஒவ்வொரு வாரமும் வாக்கெடுப்பு நடத்தும் குழு ஒரு மாதத்தில் கலைந்துவிடும். அறையைப் பருவம் முழுவதற்கும் முன்பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிடம் அவரவர் என்ன எழுதப்போகிறோம் என்று ஒரு வரி, 45 நிமிடம் மௌனம், 15 நிமிடம் இடைவேளை, மறுபடி 45 நிமிடம், கடைசி பத்து நிமிடம் எவ்வளவு முடிந்தது என்று சொல்வது. மேலே சொன்ன மணிக்கணக்கில் சேர்வது அந்த 15 நிமிடமும் முடிந்தபின் வாசலில் நிற்கும் நேரமும்தான். அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இது கெட்டுப்போகும் விதங்கள் மூன்று. ஒருவர் மற்றவர் எழுத்தைத் திருத்தத் தொடங்குவார், அடுத்தவாரம் திருத்தப்பட்டவர் வரமாட்டார். ஆகவே இங்கே யாரும் யாருடைய பக்கத்தையும் படிப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, தொடங்கியவரே அறை, நினைவூட்டல், சாவி எல்லாவற்றையும் சுமந்து களைத்துப்போவார். ஆறாவது வாரத்திலிருந்து சாவியை இன்னொருவரிடம் கொடுங்கள். மூன்றாவது, ஒரு வாரம் இரண்டே பேர் வந்தால் 'இன்று வேண்டாம்' என்று கலைப்பது. இருவர் இருந்தாலும் நடத்துங்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்துவிட்டால் வருகிறவர்களும் வராமல் போவார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன். சேர்ந்து பாடும் குழு, சுவரேற்றம், பூப்பந்து, பலகை விளையாட்டு, தன்னார்வ வேலை, எதுவும் ஆகலாம். பார்க்க வேண்டியவை: வாரந்தோறும் நடக்கிறதா, பெரும்பாலும் அதே ஆட்களா, கைக்கு ஏதாவது வேலை இருக்கிறதா. கையில் வேலை இருந்தால் பேச்சு நின்றாலும் மௌனம் உறுத்தாது. நினைத்தபோது போகும் உடற்பயிற்சிக் கூடத்தைவிட எட்டு, பத்து வாரம் நடக்கும் தொடக்கநிலைப் பயிற்சி வகுப்பு மேல். பாட்டுக் குழுவில் கச்சேரித் தேதி என்ற ஒன்று இருப்பதால் கடைசி மூன்று வாரத்தில் எல்லாரும் தானாக நெருங்கிவிடுவார்கள். லண்டனின் புஷி பூங்காவில் 2004 அக்டோபரில் தொடங்கிய 'பார்க்ரன்' ஓட்டம் இன்று பல நாடுகளில் வார இறுதிக் காலையில் இலவசமாக நடக்கிறது. 5 கிலோமீட்டர், நடந்தும் போகலாம். ஓட விருப்பமில்லையென்றால் நேரம் குறிக்கும் தன்னார்வலராகப் போங்கள். ஓடுகிறவர்களைவிட அந்த மேசையில் நிற்பவர்கள்தான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள்.

நாற்பது அந்நியர்கள் ஒரு மாலை கூடிக் கலையும் 'வெளிநாட்டவர் சந்திப்பு' வகைகளை முதல் மாதத்தோடு நிறுத்திவிடலாம். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை நாள் என்ற அதே மூன்று கேள்விகளுக்கு நாற்பது முறை பதில் சொல்லிவிட்டுத் திரும்புவீர்கள்.

எந்தக் குழுவையும் முதல் நாளை வைத்து எடைபோடாதீர்கள். முதல் முறை நீங்கள் விருந்தாளி. இரண்டாம் முறை முகம் தெரிந்தவர். மூன்றாம் முறைதான் 'போன வாரம் சொன்னீர்களே, என்ன ஆயிற்று?' என்று யாராவது கேட்பார்கள். நான்கு முறை போய்விட்டுப் பிடிக்கவில்லையென்றால் விடுங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய் நாற்காலி போடுவதும், முடிந்தபின் கால் மணி நேரம் தங்கி எடுத்துவைப்பதும் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்துக்குச் சமம். மது அருந்தும் இடத்தில் கூடுகிறார்கள் என்றால் உங்களுக்குப் பழக்கமில்லாவிட்டாலும் முதல் ஒரு மணி நேரம் போய்விட்டு வரலாம். கையில் ஒரு கோப்பை இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நல்ல பேச்சும் அந்த முதல் மணி நேரத்தில்தான் நடக்கும்.

அழைப்பது எப்படி

'ஒருநாள் பார்க்கலாம்' என்பது அழைப்பில் சேராது. கிழமை, நேரம், இடம், எவ்வளவு நேரம் என்ற நான்கும் இருக்க வேண்டும். 'வியாழன் நான்கு மணிக்கு நூலக வாசலில், அரை மணி நேரம் நடந்துவிட்டு வரலாமா?' என்று கேட்டால் எதிராளிக்கு ஒத்துக்கொள்வதும் எளிது, மறுப்பதும் எளிது. முடியாது என்று சொல்லி வேறு நாள் சொன்னால் அது சம்மதம். வேறு நாள் சொல்லாமல் இரண்டு முறை மறுத்தால் நிறுத்திவிடுங்கள். அவருக்குச் சமர்ப்பிக்கும் தேதி நெருங்கியிருக்கலாம். மூன்று மாதம் கழித்து ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பேசிவிட்டு அறைக்கு வந்ததும் 'அதிகமாகப் பேசிவிட்டோமோ, அவருக்கு அலுத்திருக்குமோ' என்று ஓடும். எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018இல் இதைத்தான் அளந்தார்கள். முதல்முறை பேசிய இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டபோது, எதிரில் இருந்தவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை இருவரும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். அந்த உறுத்தல் தணியட்டும் என்று காத்திருந்தால் வாரங்கள் போய்விடும். இரண்டு நாளுக்குள் ஒரு வரி அனுப்புங்கள். பேச்சில் வந்த ஒரு கட்டுரையின் இணைப்பே போதும், ஆய்வாளர்களுக்கு அதைவிட இயல்பான சாக்கு இல்லை.

நம் மொழிக்காரர்களும் வீட்டுத் தொலைபேசியும்

நம் மொழிக்காரர்களோடு மட்டும் சுற்றினால் நாட்டைத் தெரிந்துகொள்ள மாட்டாய் என்று அறிவுரை சொல்ல ஊரில் நான்கு பேர் இருப்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவர்களை ஆராய்ந்து ஸ்டீஃபன் பொக்னரும் உடனிருந்தவர்களும் 1977இல் சொன்னது இதைவிடத் தெளிவு. சொந்த நாட்டவர் வட்டம் நம் பண்பாட்டைக் கொண்டாட, உள்ளூர்க்காரர் வட்டம் படிப்பையும் தொழிலையும் நடத்திக்கொள்ள, பிற வெளிநாட்டவர் வட்டம் பொழுதுபோக்கச் சேர்ந்திருக்க. மூன்றுக்கும் மூன்று வேலை. ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்ட முடியாது. சொந்த மொழி வட்டத்தில் கவனிக்க வேண்டியது வார இறுதிகளை. சனி, ஞாயிறு இரண்டையும் அவர்களே நிரப்பிவிட்டால் வேறு எதற்கும் இடம் இருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் போவதும் சந்தோஷமாக இருக்கும்.

வீட்டுக்குப் பேசுவதிலும் ஒரு பொறி உண்டு. ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, சுற்றிலும் ஒரு கூட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. தினம் வீட்டோடு வீடியோவில் பேசினால் முதலாவது தணியும். இரண்டாவது அப்படியே இருக்கும். அதனால்தான் பேசி முடித்த பத்தாவது நிமிடம் அறை மறுபடி வெறிச்சோடுகிறது. நேர வித்தியாசத்தால் அந்த அழைப்பு உங்கள் ஊர் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் விழுகிறதா என்று பாருங்கள். வகுப்பு, விளையாட்டு, குழு எல்லாம் நடக்கும் நேரம் அதுதான். வீட்டாரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றுங்கள். முதல் வாரம் கோபித்துக்கொள்வார்கள், மூன்றாம் வாரம் பழகிவிடும்.

துணையோடு போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உங்களுக்கு மேசையாவது இருக்கிறது. வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. அவருக்கென்று தனியாக ஒரு கிழமை, ஒரு வகுப்பு முதல் மாதத்திலேயே அமைய வேண்டும். உங்கள் நண்பர்களைப் பாதியாகப் பிரித்துக் கொடுப்பது வேலைக்காகாது.

ஆய்வு நேரத்தைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது

சோதனை அட்டவணைதான் பெரும்பாலான திட்டங்களைக் கவிழ்க்கிறது. 24 மணி நேரமோ 48 மணி நேரமோ எடுக்கும் சோதனையைத் திங்கள் மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் செவ்வாயோ புதனோ மாலை ஆறு மணிக்கு லேபில் நிற்க வேண்டும். காலை பத்துக்குத் தொடங்கினால் காலை பத்துக்கே முடியும். கருவி முன்பதிவிலும் செவ்வாய் மாலையை முதலிலேயே விட்டுவிடுங்கள். பகிர்வு நாட்காட்டியில் 'மொழி வகுப்பு' என்று வெளிப்படையாகப் போடுங்கள். வாராவாரம் அனுமதி கேட்டால் ஒருநாள் மறுப்பு வரும். நாட்காட்டியில் இருப்பதை மதிக்கும் நெறியாளர்களே அதிகம். களப்பணி, மாநாடு என்று மூன்று வாரம் போகும்போது திரும்பும் தேதியைக் குழுவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் திரும்பி வருவதற்குக் கூச்சம் தடுக்கும்.

நெறியாளர் நல்ல மனிதராக இருக்கலாம், வீட்டுக்கு அழைக்கலாம். ஆனால் ஒப்பந்த நீட்டிப்பும் பரிந்துரைக் கடிதமும் பல நேரம் விசாவும் அவர் கையில் இருக்கின்றன. மனச்சோர்வைக் கொட்டும் இடமாக அவரை வைத்துக்கொண்டால் சிக்கல் வரும்போது போக இடம் இருக்காது. லேப் சகாக்களோடும் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்ற கேள்வி என்றாவது வரும். எதையும் பேசலாம் என்ற நண்பர் வேறு துறையில் இருப்பது நல்லது.

இறங்கும் காலம்

முதல் மாத உற்சாகம் வடிவது எல்லாருக்கும் நடக்கிறது. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய 200 நார்வேக்காரர்களை வைத்து லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட ஆய்வில், 6 மாதத்துக்குக் குறைவாகவும் 18 மாதத்துக்கு மேலும் இருந்தவர்களைவிட இடைப்பட்ட காலம் இருந்தவர்களே குறைவாகப் பொருந்தியிருந்தார்கள். எல்லாருக்கும் இந்த வளைவு அப்படியே பொருந்துவதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் ஏழாம் எட்டாம் மாதத்தில் ஒரு தளர்ச்சி வந்தால் நாம் தோற்றுவிட்டோம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. எதையும் புதிதாகத் தொடங்காமல், இருக்கும் கிழமைகளை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீண்ட விடுமுறைக்கு வளாகம் காலியாவதை ஆறு வாரம் முன்பே கணக்கில் எடுங்கள். ஊருக்குப் போகாதவர் யார் யார் என்று கேட்டு ஒரு நாளை முடிவுசெய்துவிட்டால் போதும். உடம்பு சரியில்லாத நாளுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். அவசரத் தொடர்பு என்று படிவத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டு எண்ணை எழுதினால் பயனில்லை. அதே ஊரில் இரண்டு பேரின் எண் வேண்டும், ஒருவரிடம் மாற்றுச் சாவி வேண்டும். 'உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா?' என்று கேட்பதே பலரை நெருக்கமாக்கியிருக்கிறது.

தூக்கம், பசி, எதிலும் நாட்டம் இவை இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக்கிடந்தால் அதைத் தனிமை என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். 26 நாடுகளில் 2,279 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பொதுமக்களைவிட முதுநிலை ஆய்வு மாணவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் ஆறு மடங்குக்கு மேல் தெரிந்தன. பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் காத்திருப்பு இருக்கும், அமர்வுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கலாம். நன்றாக இருக்கும்போதே நீங்கள் மாணவர் மையத்தில் சேர்கிறீர்களா, ஊழியர் உதவித் திட்டத்தில் சேர்கிறீர்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான எண்ணம் வந்தால் மையத்துக்குக் காத்திராமல் அந்நாட்டின் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

வெளியே ஒரு குழு வேண்டும் என்றேன். ஆய்வு உலகத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பாதி வட்டம் காலியாகிவிடும். பிரியாவிடை கொடுத்துக் கொடுத்து, 'இனி யாரோடும் பழகப்போவதில்லை' என்று வீம்பு வரும். பாட்டுக் குழுவிலும் பூப்பந்திலும் இருப்பவர்கள் அந்த ஊரிலேயே இருப்பவர்கள். உங்கள் பல்கலைக்கழக நண்பர்கள் மூவரும் ஒரே கோடையில் கிளம்பும்போது செவ்வாய் மாலை ஆறு மணிக்கு நாற்காலி போட அங்கே ஆள் இருக்கும். நீங்கள் கிளம்பும் முறை வரும்போது ஒரு மாதம் முன்பே எழுதும் குழுவின் சாவியையும் அறை முன்பதிவையும் யாருக்காவது கைமாற்றிவிடுங்கள், முடிந்தால் அண்மையில் வந்து இறங்கியவருக்கு.